டேனிஷ் மிஷனும் திருவண்ணாமலையும்

கார்த்திகைத் தீபத்தால் உலகறிந்த இந்த க்ஷேத்திரத்தில், டென்மார்க் தேசத்தின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியைக் கண்டு வியப்போர், அதன் மூலத்தைக் கடலூரை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்திலே தேட வேண்டும். லீப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வித்தியாசத்தைச் சகித்துக்கொள்ளும் அச்சங்கத்தின் கொள்கைக்கு இணங்க மாட்டாதவராய், ஒரே தெய்வத்தை நோக்கிக் கைகூப்புவோர் பிறப்பினால் பிரிந்து அமர்வது தகாதென்று வாதாடி விலகி, 1861-இல் அவ்வூரில் தனியே ஓர் ஊழியத்தைத் தொடங்கினார். கொள்கைக்காக ஸ்தானத்தைத் துறந்த அச்செயலே இச்சரித்திரத்தின் சிறந்த பகுதி. 1863-இல் டேனிஷ் மிஷனரி சங்கம் அவ்வூழியத்தை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது திருக்கோவலூரிலும் இம்மலையடிவாரத்திலும் வேரூன்றியது.

டேனிஷ்காரருக்குக் கிறிஸ்தவரில் வேறொரு பிரிவினரான பாப்டிஸ்டுகளின் சரித்திரத்திலும் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் இடங்கொடாத பாப்டிஸ்ட் பாதிரிமாருக்கும், அவர்களோடு 1800-இல் வந்து சேர்ந்த வில்லியம் கேரிக்கும் புகலளித்த வங்காளத்துச் செராம்பூர், தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ் கொடியின் கீழ் இருந்த ஊர். இரண்டும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. ஆயினும் திருவண்ணாமலையிலுள்ள சபையார் லுத்தரன்கள்: பாப்டிஸ்டுகள் விவரமறிந்த வயதினரை நீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பர், இவர்களோ கைக்குழந்தையின் சிரசிலேயே நீர் வார்ப்பர்.

வட, தென் ஆற்காடு ஜில்லாக்களில் பரவிய இச்சபைகள் 1913-இல் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாயின. ஜில்லாக்களின் பெயர்கள் மறைந்த பின்னும் சபையின் பெயர் மாறவில்லை.