பன்றிக்கு முடி, குரங்குக்கு வெருளி

மரவள்ளி கிழங்கு வைக்கும் காலம் வந்தால் வன்னியிலும் படுவான்கரையிலும் தோட்டம் செய்பவர்களுக்கு நித்திரை குறைவு. இரவில் ஒரு பன்றிக் கூட்டம் புகுந்தால் போதும். பல மாத உழைப்பு, விடியும்போது உழுத நிலம்போல் கிடக்கும். கம்பிவேலி போட எல்லோரிடமும் காசு இல்லை. ஆகவே எமது மக்கள் வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே பல உபாயங்களைச் செய்கிறார்கள். சில வேடிக்கையாகத் தோன்றினாலும் காரணமில்லாதவை அல்ல.

காட்டுப்பன்றிக்குப் பார்வை குறைவு, மோப்பம் அதிகம். அதனால்தான் சலூனில் வெட்டிக் கழித்த தலைமுடி உதவுகிறது. வேலிக்கு வெளியே ஓரடி அகலத்துக்கு முடியைத் தூவினால், நிலத்தை முகர்ந்து வரும் பன்றிக்கு மனித வாடை தெரியும். கிளறினால் முடி மூக்கிலும் ஏறும். மழை பெய்தால் மீண்டும் தூவவேண்டும். பழைய சேலைகளைத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டுவதும் ஆள் நடமாட்டம் உண்டென்ற சந்தேகத்தை உண்டாக்கவே.

முள்ளம்பன்றி தென்னங்கன்றின் குருத்தை அரித்துத் தின்னும். கன்றைச் சுற்றிப் பனையின் கருக்குமட்டைகளை நெருக்கமாக நட்டால் உள்ளே நுழையச் சிரமப்படும்.

குரங்கை ஏமாற்றுவதுதான் கடினம். ஒரே இடத்தில் நிற்கும் வெருளிக்கு அது விரைவில் பயப்படாது. வெருளியின் இடத்தையும் சட்டையையும் அடிக்கடி மாற்றுங்கள். வேலிக்கு மேலாக நீளும் கொப்புகளைத் தறியுங்கள். வாழைக்குலையை முற்றியவுடன் வெட்டி வீட்டில் பழுக்கவையுங்கள்.

யானைகூடத் தேனீக்கு அஞ்சும். குழம்பிய தேனீக்களின் இரைச்சலைக் கேட்டு இலங்கை யானைகள் பின்வாங்குவதை 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆனால் எந்த உபாயமும் நிரந்தரமல்ல. ஆபத்தில்லை என்று விலங்கு கண்டுகொண்டால் பலன் போய்விடும். ஆகவே இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்தும் மாற்றியும் செய்யவேண்டும்.

பொறுமை இழக்கும் இடத்தில்தான் பெரிய ஆபத்து உள்ளது. சிலர் வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் பாய்ச்சுகிறார்கள். முறையான யானைவேலியில் மின்சாரம் கணப்பொழுது துடிப்புகளாகவே வரும். தொட்டவர் கையை எடுத்துவிடலாம். வீட்டு மின்சாரமோ 230 வோல்ற், இடைவிடாது பாயும். அது பன்றியையும் பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது. கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் அப்படியே. சுருக்கும் எவர் கழுத்தில் விழும் என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது.

ஒரு தோட்டத்தில் விரட்டிய பன்றி அடுத்த தோட்டத்துக்கே போகும். எனவே அயலவர்கள் கூடிப் பேசுங்கள். முடியைச் சேர்ப்பதையும் சேலை கட்டுவதையும் இரவுக் காவலையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். அழிந்த மரவள்ளியை அடுத்த போகத்தில் மீண்டும் நடலாம். கம்பியில் போன உயிரை மீட்க முடியாது.