வீட்டு மின்சாரமும் ஊர்ச் சாம்பலும்

கிராமக் கூட்டங்களில் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம், வயல் மோட்டாருக்கும் கட்டணமில்லை, பின் சிக்கனம் எதற்கு ஐயா?" என்று மிராசுதார்கள் கேட்பதுண்டு. பம்பு செட்டுகளுக்கான சலுகை 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும், வீடுகளுக்கான சலுகை 2016-இலும் வந்தவை. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை பொன்னேரித் தாலூகா வள்ளூரில் இருக்கிறது.

அங்குள்ள அனல் மின் நிலையம் மத்திய அரசின் தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாட்டு மின்சார நிறுவனமும் கூட்டாக அமைத்தது. தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று இயந்திரங்கள் 2012 முதல் 2015-க்குள் உற்பத்தியைத் தொடங்கின. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆகவே யூனிட் ஒன்றுக்குக் கால் கிலோ சாம்பல் என்று கொள்ளலாம். அதில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. எஞ்சியது நீரில் கரைக்கப்பட்டுச் சாம்பல் ஏரிகளில் தேங்குகிறது. குருவிமேடு, செப்பாக்கம் ஆகிய ஊர்களை அடுத்து அத்தகைய ஏரிகள் உள்ளன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, 2022-இல் தீர்ப்பாயிற்று. யூனிட்டுக்கு நாம் காசு கொடாவிடினும், அதன் சாம்பலை ஓர் ஊர் தாங்கியே தீரவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கது யாது? சாதாரண மின்விசிறி 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், விசிறி ஒன்றுக்கு மாதம் 16 யூனிட் மிச்சமாகும். இரண்டு விசிறிகளை மாற்றிய வீடு ஆண்டுக்குச் சுமார் 90 கிலோ சாம்பலைத் தடுக்கிறது. அது 75 கிலோ நெல் மூட்டையிலும் கனமானது. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஏறக்குறைய அதே வெளிச்சத்தைத் தரும்.

வயலிலும் கவனம் தேவை. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் செலவிடும். கசியும் புட்வால்வையும் வேண்டாத குழாய் வளைவுகளையும் நீக்கினால், அதே நீர் குறைந்த நேரத்தில் ஏறும். தேவைக்கு மேல் இறைப்பதில் மற்றொரு கேடும் உண்டு. மீஞ்சூர்ப் பிரதேசத்தில் 1960-களிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்குமாக நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டதால், கடல்நீர் உட்புகுந்து பல கிணறுகள் உவர்த்துப் போயின. உவர்த்த கிணற்றை இலவச மின்சாரத்தால் மீட்க இயலாது.

சிக்கனத்துக்குப் பின்னரே சூரிய ஒளியைப் பற்றி எண்ண வேண்டும். தேவையைக் குறைத்த வீட்டுக்குச் சிறிய தகடே போதுமானது. ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நிழல் படாத நூறு சதுர அடிக் கூரை வேண்டும்; நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் கிடைக்கும். பகலில் மிஞ்சுவது இருவழி மீட்டர் மூலம் கம்பிக்குச் சென்று கணக்கில் வரவாகும். 2024-இல் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. பாசனத்துக்கான சூரிய பம்புகளுக்கு 2019-இல் குசும் திட்டம் வந்தது. சூரிய பம்பாயினும் நீரை அளந்தே இறைக்க வேண்டும்.

கடலோர ஊரார் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் துருப்பிடிக்குமாகையால், துத்தநாகம் பூசியதையோ அலுமினியத்தையோ கேட்டு வாங்குக. தகட்டின் மேல் படியும் தூசியையும் சாம்பலையும் வெயில் ஏறுமுன் நல்ல நீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்து வருக.

கிராம அதிகாரிகள் முதலில் தங்கள் அலுவலக மீட்டரை மாதந்தோறும் குறித்துச் சுவரில் எழுதி வைத்தால், ஊரார் தாமே கணக்குப் பார்க்கத் தொடங்குவர். எழுதப்படும் எண் குறையுந்தோறும் சாம்பல் ஏரிக்குப் போகும் சுமையும் குறையும் என்பதை விவசாயிகள் நினைவிற்கொள்வார்களாக.