டைட்டேனியம் பல்லும் ஈறின் காவலும்

பல் விழுந்த தாடையில் டைட்டேனியம் திருகு பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவது இம்பிளான்ட் சிகிச்சை.

சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். எலும்பு டைட்டேனியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஈறு அப்படியில்லை.

இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் ஊடுருவி நிற்கும். இம்பிளான்டைச் சுற்றியோ அவை பக்கவாட்டில் ஓடுகின்றன, உள்ளே ஊன்றுவதில்லை. வேரைத் தாங்கும் சவ்வும் இல்லாததால் அதன் வழியே வரும் ரத்த ஓட்டமும் கிடைப்பதில்லை. அதனால் அழுக்குப் படலத்தின் கிருமிகள் உள்ளே இறங்குவது எளிது. அவற்றை எதிர்க்க முதலில் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் குவிகின்றன. பிறகு மாக்ரோபேஜ், டி அணுக்கள், எதிர்ப்புப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள். இந்தச் சண்டை நீடித்தால் இழப்பு எலும்புக்குத்தான். நோயாளிகளின் திசு மாதிரிகளை ஒப்பிட்டபோது, இம்பிளான்ட் அழற்சிப் புண் சாதாரண ஈறு நோய்ப் புண்ணைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்தது. உதிரும் டைட்டேனியத் துகள்களே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் உறுதியாகவில்லை.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கவலை கூடுதல். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. சர்க்கரை கட்டுப்படாதபோது நியூட்ரோபில்களின் வேலை மந்தமாகும், புண் ஆறவும் நாளாகும். புகைபிடிப்பதும் இதே கெடுதலைச் செய்யும்.

வலி பெரும்பாலும் தாமதமாகவே வரும். பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தால், மருத்துவர் ஈறுக்கும் இம்பிளான்டுக்கும் இடையிலுள்ள பையின் ஆழத்தை அளந்து, பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவார்.