ஆரணிப் பட்டுக் கரை வடிவங்களை விரிதாளில் ஆவணப்படுத்தல்: வரைவடிவமும் நுண்ணறை எண்ணும்

ஆய்வுச் சுருக்கம்

நெசவு வடிவம் ஒன்றை ஆவணப்படுத்துவோர் அதன் உருவத்தையும் இழைக் கணக்கையும் ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். விரிதாளில் நுண்ணறைகளின் மீது வடிவங்களை வரைந்து, நுண்ணறைகளில் உள்ள எண்கள் மறையாதவாறு இவ்விரண்டையும் இணைக்கும் முறையை ஆரணிப் பட்டுச் சேலையின் கரையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆரணிப் பட்டு, ஜக்கார்டு, விரிதாள், நுண்ணறை, வரைவடிவம்.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இத்தகைய சேலைகளின் கரையையும் முந்தானையையும் ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றை ஒளிப்படமாகவோ கோட்டோவியமாகவோ பதிவு செய்கின்றனர். அப்பதிவு வடிவத்தின் தோற்றத்தைக் காட்டும். ஆனால் அதனைக் கொண்டு மீண்டும் நெய்ய இயலாது. எத்தனை பாவு இழைகள் உயர்ந்தன, எத்தனை ஊடைகள் கடந்தன என்னும் கணக்கு அதில் இல்லை.

கட்டமும் இழையும்

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பொறியில், துளையிட்ட அட்டைகள் பாவு இழைகளின் இயக்கத்தைத் தீர்மானித்தன. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை தாழ்ந்தே நிற்கும். அட்டை குத்துவதற்கு முன் வடிவம் கட்டத்தாளில் எழுதப்படும். அதில் ஒரு நெடுவரிசை ஒரு கொக்கியையும், ஒரு கிடைவரிசை ஓர் ஊடையையும் குறிக்கும்.

விரிதாளின் அமைப்பும் இதுவே. 240 கொக்கிகள் கொண்ட கரைக்கு 240 நெடுவரிசைகள் போதும். இழை உயரும் நுண்ணறையில் 1 என்றும், உயராததில் 0 என்றும் இட்டால், ஒரு கிடைவரிசையின் கூட்டுத்தொகை அந்த ஊடைக்கு உயரும் இழைகளின் எண்ணிக்கையாகும்.

நுண்ணறையின் விகிதம்

நெசவில் பாவு நெருக்கமும் ஊடை நெருக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அங்குலத்திற்குப் பாவு இழை 96, ஊடை 72 என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓர் இழையின் இடம் அகலத்தில் 1/96 அங்குலம், உயரத்தில் 1/72 அங்குலம். எனவே நுண்ணறையின் அகலமும் உயரமும் 3:4 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும். எக்செல் செயலியில் நெடுவரிசை அகலம் எழுத்தளவிலும் கிடைவரிசை உயரம் புள்ளியளவிலும் குறிக்கப்படுவதால், இரண்டிற்கும் ஒரே எண்ணைத் தருவது பிழையாகும். எல்லையை இழுக்கும்போது தோன்றும் படப்புள்ளி அளவைக் கொண்டு அகலம் 15, உயரம் 20 என அமைக்கலாம்.

இதனைக் கருதாமல் சதுரக் கட்டத்தில் 48 இழை, 48 ஊடை அளவுள்ள வட்டமாக ருத்திராட்சத்தை வரைந்தால், துணியில் அதன் அகலம் அரை அங்குலமாகவும் உயரம் மூன்றில் இரு பங்கு அங்குலமாகவும் அமையும், உருண்டை நீள்வட்டமாகிவிடும். துணியில் வட்டம் பெற 48 இழைக்கு 36 ஊடையே வேண்டும்.

வடிவத்தினூடே எண்ணைக் காணல்

எக்செல் செயலியில் வரைவடிவங்கள் நுண்ணறைகளுக்கு மேலுள்ள தனிப் படலத்தில் அமைகின்றன. ஆதலின் நிரப்பிய வட்டம் அடியிலுள்ள எண்களை மறைத்துவிடும். வடிவத்தைப் பின்னுக்கு அனுப்பும் கட்டளை வடிவங்களுக்கு இடையேயான அடுக்கை மட்டுமே மாற்றும். நுண்ணறைகளுக்குக் கீழே கொண்டு செல்லாது. தாளுக்குப் பின்னணிப் படம் இடும் வசதி உண்டெனினும் அப்படம் அச்சில் வராது. லிப்ரே ஆபிஸ் கால்க் செயலியிலோ வடிவத்தைப் பின்புலத்திற்கு மாற்றி, எழுத்தும் எண்ணும் அதன்மேல் தெரியுமாறு செய்யலாம்.

எக்செல் பயன்படுத்துவோர்க்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, நிரப்பை ஓரளவு ஒளிபுகுமாறு மாற்றுவது. எண்கள் தெரியும், எனினும் சொடுக்கும்போது வடிவமே தேர்வாகும் என்பதால் எண்ணை இடுவது கடினம். இரண்டாவது, நிரப்பை முற்றிலும் நீக்கிக் கோட்டை மட்டும் வைப்பது. அப்போது கோட்டுக்குள் சொடுக்கினால் நுண்ணறை தேர்வாகும். இழை எண்ணி எழுதுவதற்கு இரண்டாவது வழியே ஏற்றது.

நுண்ணறைகளோடு நகர்ந்து அளவும் மாறுமாறு வடிவத்தின் பண்பை அமைப்பதும் இன்றியமையாதது. நெருக்கத்தைத் திருத்தி நுண்ணறை விகிதத்தை மாற்றினாலும், கோடு அதே 48 நெடுவரிசைகளையும் 36 கிடைவரிசைகளையும் பற்றி நிற்கும். வட்டம் எவ்வாறு சிதைகிறது என்பது நெய்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும்.

பெயரும் கணக்கும்

ஒவ்வொரு வடிவத்திற்கும் பெயரும் அளவும் எழுதுதல் வேண்டும். வடிவத்தினுள் நேரடியாகத் தட்டச்சு செய்த எண், கணக்கு மாறும்போது தானே மாறாது. அதற்கெனத் தனி உரைப்பெட்டி ஒன்றை வரைந்து தேர்வு செய்து, வாய்பாட்டுப் பட்டையில் சமன்குறியும் நுண்ணறை முகவரியும் இட்டால், அந்நுண்ணறையின் உள்ளடக்கமே பெட்டியில் தோன்றும். இவ்விடத்தில் கணக்கீடுகளை நேரடியாக எழுத இயலாது; முகவரி மட்டுமே ஏற்கப்படும். எனவே பெயரையும் எண்ணையும் வேறொரு நுண்ணறையில் வாய்பாட்டால் இணைத்து, “ருத்திராட்சம்: 48 இழை, 36 ஊடை” என்பது போன்ற தொடரை உருவாக்கி, அதன் முகவரியைத் தருவதே முறை.

முடிவுரை

வரைவடிவம் ஆய்வாளரின் கண்ணுக்கு வழிகாட்டி. நுண்ணறை எண்ணே நெசவாளருக்குரிய செய்தி. முதலாவதை மட்டும் கொண்ட ஆவணம் அழகிய படமாக நின்றுவிடும். இவ்வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பணி முடிந்தபின் எல்லா வரைவடிவங்களையும் மறைத்துப் பார்த்தல் வேண்டும். எண்களிலிருந்தே ருத்திராட்சமும் அன்னமும் கோபுரமும் புலப்பட்டால் அவ்வாவணம் முழுமையானது. வெற்றுக் கட்டங்களே எஞ்சினால், கரையின் கணக்கு இன்னும் சேலையிலேயே இருக்கிறது. அச்சேலை நைந்து அழிவதற்கு முன் இழைகளை எண்ணிப் பதிவு செய்வது ஆய்வாளரின் கடமையாகும்.