மழைக்கு முன்னே கிளை வெட்ட ஆள் கூப்பிடுறீங்களா? மரம் ஏறுபவர் உயிர் கீழே நிற்பவர் கையில்!

சென்னையில் வடகிழக்கு பருவமழை நெருங்கும் அக்டோபர் மாதம் வந்தாலே மரம் வெட்டும் தொழிலாளர்களுக்கு கிராக்கி ஏறிவிடும். மொட்டை மாடியை உரசும் வேப்பங்கிளை, ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த தென்னை, மின்கம்பியில் படரும் முருங்கை என்று தெருவுக்கு தெரு வேலை இருக்கும்.

"சின்ன கிளைதானேப்பா, 10 நிமிஷ வேலை. ஏறி வெட்டிட்டு போ" என்பதுதான் வீட்டுக்காரர்கள் வழக்கமாக சொல்வது. அந்த 10 நிமிஷத்தில் கை, கால் போனவர்கள் உண்டு. உயிரே போனவர்களும் உண்டு.

4 பேர் வேலை

மரம் வெட்டுவது ஒரு ஆள் வேலை இல்லை. மேலே ஏறுபவர் ஒருவர். கீழே கயிறு பிடிப்பவர் ஒருவர். தெருவில் வண்டி, ஆட்களை நிறுத்துபவர் ஒருவர். வெட்டிய கிளையை இழுத்துப்போட்டு துண்டு போடுபவர் இன்னொருவர். கூலியை குறைக்க பேரம் பேசினால் முதலில் குறைவது இந்த ஆட்கள்தான். தெருவை பார்க்க ஆள் இல்லாதபோதுதான் சைக்கிளில் வரும் பையன் தலையில் கிளை விழுகிறது.

2 கயிறு கணக்கு

அனுபவம் உள்ளவர் 2 கயிறு இல்லாமல் ஏற மாட்டார். ஒன்று தன் இடுப்புக்கு, ஒன்று வெட்டும் கிளைக்கு. கிளைக்கயிறை மேலே உறுதியான கவட்டையில் போட்டு, கீழே அடிமரத்தில் 2 சுற்று சுற்றி பிடிப்பார்கள். அந்த சுற்றுதான் பிரேக். பெரிய கிளையைக்கூட ஒரு ஆள் மெதுவாக இறக்கி விடலாம். வெறும் கையால் பிடித்தால் கிளையோடு ஆளையும் இழுத்து போய்விடும்.

இடுப்பு கயிறு மட்டும் போதாது. தவறி விழுந்தால் கயிறு இடுப்பிலேயே இறுக்கி உள் உறுப்புகளை நசுக்கிவிடும். தோள், தொடை, மார்பு என்று உடம்பு முழுக்க மாட்டும் பாதுகாப்பு பெல்ட்தான் சரியானது. தலைக்கு ஹெல்மெட்டும் வேண்டும்.

முருங்கையும் புளியங்கொம்பும்

பிடித்தால் புளியங்கொம்பாக பிடிக்கணும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. புளியங்கிளைகள் வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. முருங்கை சொல்லாமல் ஒடியும். நகரம் முழுக்க நிழலுக்காக வைத்த குல்மோகர், தூங்குமூஞ்சி மரங்களிலும் கவனம் வேண்டும். உள்ளே உளுத்த கிளை வெளியே பச்சையாகவே தெரியும்.

அதனால்தான் ஏறும் முன்பு மரத்தை சுற்றி வந்து பார்ப்பார்கள். அடிமரத்தில் காளான், பொந்து, வெடிப்பு இருக்கிறதா, தட்டினால் வெத்து சத்தம் வருகிறதா, குளவிக்கூடு, தேன்கூடு உண்டா என்று பார்த்த பிறகுதான் கால் வைப்பார்கள். மழையில் நனைந்த மரத்தில் ஏறவே கூடாது.

கரண்ட்தான் எமன்

உயரத்தை விட பெரிய எமன் மின்சாரம். பச்சை மரத்துக்குள் ஓடுவது தண்ணீர். கிளை கம்பியில் பட்டால் கரண்ட் மரம் வழியாக ஆளுக்கு வரும். இரும்பு குழாயில் கட்டிய தொரட்டி, அலுமினிய ஏணி இரண்டும் இதைவிட மோசம்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "மெயினை ஆஃப் பண்ணிட்டேன், ஏறுப்பா" என்பார்கள். வீட்டு மெயினை ஆஃப் செய்தால் தெரு கம்பியில் கரண்ட் நிற்காது. கம்பிக்கு பக்கத்தில் கிளை இருந்தால் மின்வாரியத்துக்கு சொல்லி லைனை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

மொட்டை அடிக்காதீங்க

"மொத்தமா கழிச்சு விட்டுடுப்பா" என்று மரத்தை மொட்டை அடிக்கச் சொல்வதும் ஆபத்தே. வெட்டிய இடத்தில் கொத்து கொத்தாக புதுக்கிளை வரும். அதற்கு பிடிப்பு கிடையாது, காற்றில் பிய்ந்து விழும். வெட்டுக்காயம் வழியாக தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போகும்.

சரியான வெட்டு 3 வெட்டு. அடிமரத்தில் இருந்து ஒன்றரை அடி தள்ளி கிளைக்கு அடியில் முதலில் பாதி வெட்டு. அதற்கு சற்று வெளியே மேலிருந்து 2-வது வெட்டு. கிளை விழுந்ததும், மிச்ச கட்டையை அடிமரத்தின் தடிப்பை ஒட்டி 3-வது வெட்டு. அடிவெட்டு போடாமல் மேலிருந்தே வெட்டினால் கிளை விழும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். அந்த காயம் ஆறாது.

வேரும் முக்கியம்

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி வீசிய வார்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரத்தை நிறுத்தி பிடிக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவி இருக்கும். பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டினால் மரம் ஒற்றைக்காலில் நிற்கும்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் கே.கே.நகரில் சாலையோர மரம் கார் மீது விழுந்து வங்கி பெண் மேலாளர் இறந்தார். அருகில் நடந்த மழைநீர் வடிகால் பணிதான் காரணமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. மாநகராட்சி அதை மறுத்தது.

அடிமரம் வரை சிமெண்ட் பூசினால் வேருக்கு காற்றும் தண்ணீரும் கிடைக்காது. மரத்தை சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று டெல்லியில் 2013-ம் ஆண்டிலேயே தேசிய பசுமை தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

20 ரூபாய் காப்பீடு

இந்த வேலையில் பெரும்பாலோர் அன்றாடக்கூலிகள். விழுந்தால் யாரும் பொறுப்பு ஏற்பது கிடையாது. ஆஸ்பத்திரி செலவுக்கு குடும்பம் வட்டிக்கு வாங்கும்.

வங்கி கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கில் இருந்து பிடிப்பார்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். உடலுழைப்பு தொழிலாளர் நல வாரியத்தில் எந்த பிரிவில் பதியலாம் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

யாரை கூப்பிடுவது?

சாலையோர மரத்தில் நாமே ஆள் வைத்து கை வைக்கக் கூடாது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு சொல்ல வேண்டும். முழு மரத்தையும் அகற்ற மாவட்ட பசுமை குழுவின் ஒப்புதல் தேவை. கம்பியில் கிளை உரசினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

வீட்டு மரத்துக்கு ஆள் கூப்பிட்டால் கூலி பேசும் முன் 3 கேள்வி கேளுங்க. எத்தனை பேர் வர்றீங்க? பெல்ட், ஹெல்மெட் இருக்கா? லைனை நிறுத்தச் சொல்லியாச்சா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அன்றைக்கு யாரையும் மரத்தில் ஏற்றாதீங்க.