பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் போலி செயலி: உழவர்கள் கவனிக்க வேண்டியவை

பிஎம் கிசான் தவணை வரும் நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு தகவல் சுற்றும்: "இ-கேஒய்சி முடிக்காததால் உங்கள் 2,000 ரூபாய் நிறுத்தப்பட்டுள்ளது. இந்தச் செயலியைப் பதிவிறக்கம் செய்து சரிபார்க்கவும்." அரசு முத்திரையும் இருக்கும். பயிற்சிக்கு வரும் உழவர்கள் போனை நீட்டி, "இதை அமுக்கலாமா சார்?" என்று கேட்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. அமுக்கக் கூடாது.

அந்தக் கோப்பின் பெயர் ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். அது விண்ணப்பப் படிவம் அல்ல, ஆண்ட்ராய்டு போனில் பதியும் செயலி. பிளே ஸ்டோருக்குப் போகாமல் நேராக உங்கள் போனுக்குள் நுழைகிறது. திறந்ததும் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் கேட்கும். அதைவிட ஆபத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்பதுதான். அனுமதி கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே மோசடிக்காரருக்கும் போய்விடும். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று பணம் இழந்தவர்கள் புலம்புவது உண்மைதான். அவர்களுக்குத் தெரியாமல் செயலியே அனுப்பியிருக்கும்.

அனுப்பியவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அவருடைய வாட்ஸ்அப்பைக் கைப்பற்றி, அவர் பெயரிலேயே எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். முத்திரையையும் நம்ப வேண்டாம். போலிப் பூச்சிமருந்து டப்பாவிலும் லேபிள் சரியாகத்தானே இருக்கிறது!

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும் இந்தத் தொகைக்கு இ-கேஒய்சி தேவை என்பது உண்மை. அதை பிஎம் கிசான் இணையதளத்தில் ஓடிபி மூலமாகவோ, பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தோ, பிளே ஸ்டோரில் உள்ள அரசின் செயலியில் முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். அரசு இணையதள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அங்கே ஓடிபியை நீங்களே பதிவிடுவதில் தவறில்லை. போனில் கேட்பவருக்குச் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் 155261 என்ற உதவி எண்ணில் கேளுங்கள்.

நிலம் வாங்கி, விற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இப்படித் திருடிய வழக்குகள் ஆந்திரா, ஹரியானா பக்கம் வந்துள்ளன. எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது. போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். சிரமம்தான், ஆனாலும் கணக்கில் பெரிய தொகை இருக்கும்போது பூட்டுவதே நல்லது என்பேன். ஆதார் நகல் கொடுக்கும் இடங்களில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே அந்தச் செயலியை ஏற்றிவிட்டீர்களா? முதலில் போனை 'ஏரோப்ளேன் மோடில்' போடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். திருடர்கள் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுப்பதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் போனால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. செயலியை நீக்கினால் மட்டும் போதாது. சில செயலிகள் தம் படத்தை மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். தேவையான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, போனை 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிடுங்கள்.

வங்கியில் எழுத்துமூலமாகவும் புகார் கொடுத்து, தேதி, நேரத்துடன் ஒப்புகை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, நீங்கள் தகவல் கொடுத்த பிறகு கணக்கிலிருந்து மோசடியாகப் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.