ஆறு வினாவும் ஒரு பச்சைச் சுடரும்

1986-இல் மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு சேர்ந்தேன். பிளஸ் டூவைத் தமிழ்வழியில் படித்து, வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. முதல் வாரம் பேராசிரியர் ‘வேலன்ஸி, வேலன்ஸி’ என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அது வெறும் ஒலி. இரண்டு நாள் கழித்துத்தான் அது நம் இணைதிறன் என்று விளங்கியது. அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. தெரிந்த ஊரில் வழி தப்பியது போல இருந்தது.

இணைதிறன் என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். வீழ்படிவு விழுந்து படியும். நிறங்காட்டி நிறத்தைக் காட்டும். வினையூக்கி வினையை ஊக்கும். பதங்கமாதல் என்ற சொல் சித்த மருத்துவத்தின் கொடை. மருந்துச் சரக்கைச் சூடாக்கி, ஆவி மேலே போய்ப் படிவதைச் சுரண்டி எடுக்கும் மருந்துக்கு அங்கே பதங்கம் என்றே பெயர். இவையெல்லாம் வேதியியலை நினைவில் கட்டிவைக்கும் கயிறுகள் என்பது அவற்றை இழந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ‘பிரெசிபிடேட்’ எதையும் நினைவூட்டவில்லை. அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தச் சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது! யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் ஃபிஸ்க் கிறீனின் ‘கெமிஸ்தம்’ 1875-இல் வெளிவந்தது. 1916-இல் ராஜாஜி அறிவியல் கலைச்சொற்களுக்காகவே நண்பர்களோடு ஒரு சங்கம் வைத்தார். பிற்பாடு ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு நூலும் எழுதினார். அந்தத் தலைப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திண்ணை என்றால் அங்கே பேச்சு இருக்கும், குறுக்குக் கேள்வி இருக்கும், சிரிப்பும் இருக்கும். எங்கள் வகுப்பறையில் இந்த மூன்றுமே இல்லை.

நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறார். பள்ளித் தமிழ்ப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. அன்றைய வகுப்பில் ஆசிரியர் கேட்டது முழுக்க அறிவினாதான். “நைட்ரேட்டுக்கு உறுதிச் சோதனை என்ன?” என்பார், “பழுப்பு வளையச் சோதனை” என்போம். மாணவர் கேட்டது முழுக்கக் கொளல் வினா. “சார், ஸ்டாண்ட் இருக்கா? சார், லாக் புக் இருக்கா?” அறியா வினாவுக்கு அந்த அறையில் இடமே கிடையாது.

நான் ஒருமுறை கேட்டேன். தண்ணீர் கொதிக்கும்போது வருகிறதே, அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது? வகுப்பே சிரித்தது. “பத்தாவதில் படித்திருக்க வேண்டியது, உட்கார்” என்றார் ஆசிரியர். உட்கார்ந்தேன். பட்டம் வாங்கும்வரை அந்தத் துறையில் வாயைத் திறக்கவில்லை. சிரித்தவர்களுக்கும் விடை தெரியாது என்று இன்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஏனென்றால் நான் ஆசிரியரான பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்.

ஆய்வகத்தைச் சொல்ல வேண்டும். பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சினோம். 20 மில்லி கோட்டுக்கு மேலே ஒரு மூச்சு அதிகமானால் நாக்கில் அமிலம். கிப் உபகரணத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம் சட்டையோடு விடுதிக்கு வரும். அளவு கூடினால் அந்த வாயு மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்று பிப்பெட்டில் ரப்பர் குமிழ் வந்துவிட்டது. அந்த நாற்றத்தை அறியாமலே பிள்ளைகள் பட்டம் வாங்க முடிகிறது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளைகளின் நுரையீரல் பிழைத்தது.

ஆனால் அந்த நாட்களில் ஒன்று நன்றாக நடந்தது. அது நடந்த இடம் விடுதி மொட்டை மாடி. பயம் தாங்காமல் நினைவுக்கயிறுகளை நாங்களே திரித்துக்கொண்டோம். ஆனோடில் நடப்பது ஆக்சிஜனேற்றமா, ஒடுக்கமா என்று எல்லோருக்கும் குழப்பம். தமிழிலக்கியம் படித்த அறைத்தோழன் ஒருவன்தான் தீர்த்துவைத்தான். “ஆனோடு, ஆக்சிஜனேற்றம். மோனை பொருந்துதுல்ல? அப்புறம் என்ன சந்தேகம்?” என்றான். அதற்குப் பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை. நம் மொழி இந்த வேலையை வெகு காலமாகச் செய்துவருகிறது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற பெயர்களைச் சொன்னாலே அசை தானாக வந்துவிடும். நிகண்டைப் பாட்டாகத்தான் பாடம் செய்தார்கள். நினைவை ஓசையில் கட்டத் தெரிந்த மக்கள் நாம்.

சோடியத்தின் குறியீடு Na என்பது பலரைக் குழப்பும். சோடியத்தில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது? லத்தீனில் அது நேட்ரியம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் ‘நா’ என்று படித்தோம். நாவுக்கு உப்பு, உப்பில் சோடியம். ஈயத்தின் Pb-க்கும் ஒரு கயிறு கிடைத்தது. ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம். குழாய் வேலை பார்க்கிற பிளம்பர் அந்தச் சொல்லிலிருந்து வந்தவர்தான். எங்களோடு படித்தவன் ஒருவனின் அப்பா பிளம்பர். அன்றிலிருந்து அவன் எங்கள் ஈயம்.

படிப்பு முடிந்து நான் வேலைக்குப் போனது சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு. அங்கேதான் சுடர்ச் சோதனையை உண்மையில் கற்றேன். நான் கற்பித்தேன் என்று சொல்ல முடியாது. பேரியத்துக்குப் பச்சை, ஸ்ட்ரான்ஷியத்துக்குக் கருஞ்சிவப்பு என்று கரும்பலகையில் எழுதியபோது கடைசி வரிசையில் ஒரு பையன் “பச்சை மத்தாப்பு, சிவப்பு மத்தாப்பு” என்று முணுமுணுத்தான். எழுந்து சத்தமாகச் சொல்லச் சொன்னேன். திட்டுவேன் என்று நினைத்து நடுங்கினான். அவன் அப்பா பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். பேரியம் நைட்ரேட் என்ற பெயரை அவன் பள்ளிக்கூடம் போகும் முன்பே வீட்டில் கேட்டிருக்கிறான். அன்று மீதிப் பட்டியலை வகுப்பே முடித்தது. கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு: சுண்ணாம்பு இருக்கும் இடத்தில்தானே செங்கல் இருக்கும்? இது கொத்தனார் மகள் சொன்னது. சோடியத்துக்கு மஞ்சள்: உப்புப் போட்ட உலை பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகுமே, அதுதான். அந்தப் பட்டியலை நான் மறுபடி எழுதிப்போட வேண்டிய தேவையே வரவில்லை.

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தும் விதம் மாறியது. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று ஒன்று உண்டு. முதலாண்டில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம். நான் இட்லிக் கடையில் தொடங்குவேன். ஒரு பிளேட்டுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை. கடையில் 20 இட்லி, 6 வடை. எத்தனை பிளேட் விற்கலாம்? “ஆறு!” “மிச்சம்?” “எட்டு இட்லி!” “கடையை மூடவைத்தது யார்?” “வடை சார்!” சிரிப்பு அடங்குமுன் கரும்பலகையில் எழுதுவேன்: 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன், எவ்வளவு தண்ணீர்? ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல். யார் வடை? ஆக்சிஜன். 18 கிராம் தண்ணீர், 2 கிராம் ஹைட்ரஜன் மிச்சம். கணக்கைப் பார்த்தாலே ஒதுங்கும் பிள்ளைகள் வடையைக் கண்டுபிடிக்கப் போட்டி போடுவார்கள்.

முனைவுள்ள பிணைப்புக்கு ஒரு குடை. மழையில் இரண்டு பேர் ஒரே குடைக்குள் போனால் அது சகப்பிணைப்பு. குடையைப் பிடித்திருப்பவர் தன் பக்கமே சாய்த்துக்கொண்டால் மற்றவருக்கு ஒரு தோள் நனையும். ஹைட்ரஜன் குளோரைடில் குடை குளோரின் கையில். குடையைப் பிடுங்கிக்கொண்டே ஓடிவிட்டால் அயனிப் பிணைப்பு. உவமை எந்த இடத்தில் உடைகிறது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும், எலக்ட்ரான் ஒரு குடையல்ல என்று. சொல்லாமல் விட்டால் தேர்வுத்தாளில் குடை வந்து நிற்கும். வந்திருக்கிறது.

குமிழிக் கேள்விக்கு வருகிறேன். கையைத் தூக்கச் சொன்னால் வகுப்பு மூன்றாகப் பிரியும். காற்று என்று சிலர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று நிறையப் பேர். நீராவி என்று சிலர். நான் விடை சொல்வதில்லை, பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுங்கள் என்பேன். ஓர் ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “ஹைட்ரஜன் வெளியே வருதுன்னா, கீழே அடுப்பு எரியுதே, பத்திக்காதா? எங்கம்மா தினமும் உலை வைக்கிறாங்களே!” வகுப்பு குலுங்கிச் சிரித்தது. 1986-இல் நான் கேட்ட சிரிப்பல்ல அது. தப்பாகச் சொன்னவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சூடேறத் தொடங்கும்போது வரும் சின்னக் குமிழிகளில் கரைந்திருந்த காற்று; கொதிக்கும்போது வரும் பெருங்குமிழிகளில் நீராவி. அன்று இதை விளக்க இரண்டு நிமிடம்தான் ஆனது.

இன்று வெகுவாக மாறிவிட்டது. தனிம அட்டவணையே வளர்ந்துவிட்டது. நான் படித்தபோது 109 தனிமங்கள். இப்போது 118, கடைசி நான்குக்கு 2016-இல்தான் பெயர் சூட்டினார்கள். 12 கிராம் கார்பனைக் கொண்டு நாங்கள் படித்த மோலின் வரையறையை 2019 மே 20-இல் மாற்றிவிட்டார்கள். இனி அது ஒரு திட்டமான எண். 2018-இல் வந்த பிளஸ் ஒன் புத்தகத்தில் கியூ.ஆர். குறியீடு உண்டு. விடுதியில் பதினொரு மணிக்கு ஒரு பெண் போனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், “உட்கார்” என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அறியா வினாவுக்கு இப்படி ஒரு வாசல் திறந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். எனக்கு அப்போது அது கிடைத்திருந்தால் அத்தனை நாள் ஊமையாக இருந்திருக்க மாட்டேன்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. நினைவுக்கயிறுகள் இப்போது ஆயத்த ஆடை போல வருகின்றன. பயிற்சி மையங்கள் வழியாக இந்தி வாக்கியங்கள் வருகின்றன. தனிமங்களின் முதலெழுத்துகளைக் கோத்த வாக்கியங்கள் அவை, இந்தி தெரிந்தவருக்கு நல்ல வேடிக்கை. நம் பிள்ளைகள் பொருள் தெரியாமல் அவற்றை உருப்போடுகிறார்கள். அதை நினைவில் வைக்க இன்னொரு கயிறு வேண்டும் போலிருக்கிறது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன், “உங்க வீட்டுல இதைவிட நல்லது இல்லையா?”

அறியா வினாவுக்கு இடம் விட்டவர் மெண்டலீவ். 1869-இல் அட்டவணை போட்டபோது சில கட்டங்களை வெற்றாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்துக்கு ‘ஏக அலுமினியம்’ என்று பெயர். ஏகம் என்றால் ஒன்று, நமக்குத் தெரிந்த வடசொல்தான். 1875-இல் அங்கே காலியம் வந்து உட்கார்ந்தது. அந்த வெற்றுக்கட்டங்களைக் காட்டி, அவருடைய அட்டவணையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு சுடர்ச் சோதனை நாள். பேரியத்தின் பச்சை நன்றாக வந்தது. ஆலைத் தொழிலாளி வீட்டு மாணவி ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்த பிறகு அவள் வீட்டில் வேலை நாட்கள் குறைந்துவிட்டன. “சார், போரேட்டுக்கும் பச்சைச் சுடர்னு போன வாரம் ரெக்கார்டுல எழுதினோமே. அதைப் போட்டா ஆகாதா?” என்றாள்.

இத்தனை வருடம் போரேட்டை ஒரு பக்கத்திலும் பேரியத்தை இன்னொரு பக்கத்திலும் எழுதியவன் நான். இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வியாக நான் நினைத்ததே இல்லை. போரிக் அமிலத்தை எடுத்தோம். பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டு, எத்தனால் ஊற்றி, சில துளி அடர் கந்தக அமிலம் விட்டுத் தள்ளி நின்று பற்றவைத்தோம். சுடரின் விளிம்பில் பச்சை ஓடியது. எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு வந்து சூழ்ந்தார்கள்.

“இது கேரம் போர்டுல போடுற பவுடர்தானே சார்?”

“ஆமாம்மா.”

ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: கேரம் போர்டு, போரான், பச்சை. ஓரத்தில் எழுதினால் மதிப்பெண் குறைப்பது எங்கள் காலத்து வழக்கம். அவள் மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள்.

“விளிம்புல மட்டும்தானே பச்சையா இருக்கு. மத்தாப்பு முழுக்கப் பச்சையா எரியுமே. ஏன் சார்?”

இரண்டாவது கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னேன்.